மூளையில் பூச்சிக்கட்டி: எதை முதலில் செய்வது, எதற்கு அவசரப்படக் கூடாது

ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிய கையோடு பலர் நேராக மருந்துக் கடைக்குப் போகிறார்கள். "தலையில பூச்சி இருக்காம், பூச்சி மாத்திரை குடுங்க" என்று நாலைந்து வாங்கி, அன்று ராத்திரியே போட ஆரம்பித்துவிடுகிறார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தலை வெடிக்கிற மாதிரி வலி, வாந்தி, அடுக்கடுக்காக ஃபிட்ஸ் என்று ஆம்புலன்ஸில் வந்து இறங்குகிறார்கள். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் அரசு மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்து, கடைசிப் பல வருஷம் நரம்பியல் வார்டிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்த ஒன்றையாவது தடுக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மருந்தையும் அளவையும் முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் நரம்பியல் மருத்துவர். அவர் சொல்வது ஏன் அந்த வரிசையில் இருக்கிறது, வீட்டில் இருப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன். ஓ.பி.யில் ஒரு டாக்டருக்கு முன்னால் நூறு பேர் நிற்கும்போது இதையெல்லாம் உட்கார்த்தி வைத்து விளக்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை.

இது எப்படி வந்தது

நோயின் பெயர் நியூரோசிஸ்டிசெர்கோசிஸ். ரிப்போர்ட்டில் என்.சி.சி. என்று சுருக்கமாக இருக்கும். டீனியா சோலியம் என்ற பன்றி நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம் மூளையில் போய்த் தங்கி நீர்க்கட்டியாக இருப்பதுதான் இது.

பெயரில் பன்றி இருப்பதால் வரும் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். வளர்ந்த நாடாப்புழு மனிதக் குடலில் இருக்கிறது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியே வருகின்றன. அந்த மலத்தைத் தின்ற பன்றியின் தசையில் அரிசிமணி போல் நீர்க்கட்டிகள் உண்டாகும். அந்தக் கறியைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும், அவ்வளவுதான். கட்டி மூளைக்குப் போவது வேறு வழி: நாடாப்புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து வந்த முட்டை, கை வழியாகவோ தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போக வேண்டும். முட்டை குடலில் பொரிந்து, உள்ளிருக்கும் நுண்ணிய குஞ்சு குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் ஏறி, தசைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் போய்விடுகிறது. இரண்டு மூன்று மாதத்தில் அங்கே பட்டாணி அளவில் நீர்க்கட்டியாகிறது.

"நாங்க கோழி முட்டைகூடத் தொடமாட்டோம் சிஸ்டர், எங்க பொண்ணுக்கு எப்படி?" என்று அழுத அம்மாக்கள் அநேகம் பேர். அவர்கள் சாப்பாட்டில் தப்பு இல்லை. 1992-இல் நியூயார்க்கிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. பன்றிக்கறியை வீட்டு வாசலுக்குள்ளேயே விடாத ஆசாரமான யூதக் குடும்பத்தினருக்கு இதே நோய். நோய் பரவியிருக்கும் நாடுகளிலிருந்து அங்கே வீட்டு வேலைக்கு வந்தவர்களில் நாடாப்புழு உள்ளவர்கள் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே இந்த நோயை வைத்து யாருடைய சாதியையும் சாப்பாட்டையும் பேசாதீர்கள். கழிப்பறை, கைகழுவல் சம்பந்தப்பட்ட நோய் இது.

நம் பக்கத்தில் இது அபூர்வமும் இல்லை. வேலூர் மாவட்டத்தில் சி.எம்.சி. மருத்துவர்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இந்தக் கட்டிதான் என்று தெரிந்தது. நோய் பரவியிருக்கும் நாடுகள் பலவற்றிலும் வலிப்பில் சுமார் 30 சதவீதம் இதனால் வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஃபிட்ஸ் வரும்போது

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் செய்ய வேண்டியது குறைவு. கீழே விழுந்தவரை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்குக் கீழே துண்டை மடித்து வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். சாவி, இரும்பு எதையும் கையில் திணிக்க வேண்டாம். வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ எதுவும் போகக் கூடாது. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். "சாவி குடுத்தேன், நின்னுடுச்சு" என்ற நம்பிக்கை பிறந்தது அதனால்தான். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்பும் முன்னே அடுத்தது வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். கையில் போன் இருந்தால் யாராவது ஒருவர் வீடியோ எடுத்து வைத்தால் நல்லது. எந்தப் பக்கத்துக் கை முதலில் இழுத்தது என்பது மருத்துவருக்கு மிகவும் உதவும்.

ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்வது

இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கச் சொல்கிறேன். மருந்து வரிசை முழுவதும் இதைப் பொறுத்தது.

உடம்பின் மற்ற இடங்களில் ரத்தக் குழாயின் நுண்ணிய சுவர்கள் ஓரளவு கசியும்; ரத்தத்தில் இருப்பது பக்கத்துத் திசுவுக்குள் போகலாம், வெள்ளை அணுக்கள் வேண்டியபோது இறங்கலாம். மூளையில் அப்படி விடுவதில்லை. அங்கே குழாய்ச் சுவரின் செல்கள் செங்கல்லுக்கு நடுவே சாந்து பூசினாற்போல் ஒன்றோடொன்று இறுக ஒட்டியிருக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பெரிசைட் என்ற செல்களும், ஆஸ்ட்ரோசைட் என்ற மூளைச் செல்களின் பாதங்களும் அணைத்து நிற்கின்றன. இந்த மொத்த ஏற்பாட்டுக்குத்தான் ரத்த-மூளைத் தடுப்பு என்று பெயர். குளுக்கோஸும் ஆக்சிஜனும் உள்ளே போகும். கிருமி, பெரிய புரதங்கள், பெரும்பாலான வெள்ளை அணுக்கள், ஏன், பல மருந்துகளும்கூட வெளியே நின்றுவிடும்.

நூறு வருஷத்துக்கு முன்பே இதைச் சாயம் வைத்துக் கண்டுபிடித்தார்கள். எட்வின் கோல்ட்மன் என்ற மருத்துவர் விலங்குகளின் ரத்தத்தில் நீலச் சாயத்தைச் செலுத்தியபோது உறுப்புகளெல்லாம் நீலமாயின, மூளை மட்டும் நிறம் ஏறாமல் நின்றது. 1913-இல் அதே சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீரில் செலுத்தியபோது மூளை மட்டும் நீலமாயிற்று. நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

உங்கள் பிள்ளைக்கு ஸ்கேன் எடுக்கும்போது கையில் ஊசி போட்டு "கான்ட்ராஸ்ட்" ஏற்றினார்கள் இல்லையா? ஏறக்குறைய அதே சோதனைதான். அந்த மருந்து ரத்தத்தோடு மூளைக்குப் போகும், ஆனால் தடுப்பு நன்றாக இருக்கும் இடத்தில் திசுவுக்குள் இறங்காது. எங்கே தடுப்பு கெட்டிருக்கிறதோ அங்கே கசிந்து வெளியே வரும், படத்தில் வெள்ளையாக மின்னும். "ரிங் என்ஹான்சிங் லீஷன்" என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால், கட்டியைச் சுற்றி வளையமாகத் தடுப்பு கசிகிறது என்று படித்துக்கொள்ளுங்கள். "பெரிலீஷனல் எடிமா" என்றால் அந்தக் கசிவால் சுற்றிலும் நீர் கோத்து வீங்கியிருக்கிறது.

இன்னும் மூன்று நான்கு சொற்களைத் தேடிப் பாருங்கள். "வெசிகுலர்" என்றால் கட்டி உயிரோடு இருக்கிறது. தெளிந்த நீருக்குள் புள்ளியாகப் புழுவின் தலை தெரியும், பெரும்பாலும் சுற்றிலும் வீக்கம் இருக்காது. "கொலாய்டல்" என்றால் புழு சாக ஆரம்பித்துவிட்டது. வளையமும் வீக்கமும் அதிகமாக இருப்பது இந்தக் கட்டத்தில்தான். "கிரானுலர்" என்றால் சுருங்கிக்கொண்டிருக்கிறது. "கால்சிஃபைட்" என்றால் செத்துச் சுண்ணாம்பாகிவிட்டது. சுண்ணாம்புப் புள்ளி சி.டி.யில் நன்றாகத் தெரியும்; சின்னக் கட்டியும், மூளையின் நீரறைகளுக்குள் இருக்கும் கட்டியும் எம்.ஆர்.ஐ.யில் நன்றாகத் தெரியும். இரண்டையும் கேட்டால் பணம் பிடுங்குகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

புழு ஒளிந்திருப்பதும் வெளிப்படுவதும்

உயிரோடு இருக்கும் புழு வீக்கத்தைக் கிளப்புவதில்லை என்று சொன்னேன். பெற்றோர் பலருக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். ஆனால் அது வருஷக்கணக்கில் அங்கே இருப்பதற்குக் காரணமே, நம் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கத் தெரிந்திருப்பதுதான். ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்று ஒரு புரதக் கூட்டம் உண்டு. அந்நியக் கிருமியைக் கண்டால் ஒன்றை ஒன்று தூண்டிப் போய்த் தாக்கும். அந்தத் தொடரின் முதல் கண்ணியான சி1க்யூ என்ற புரதத்தைப் புழு, பாராமயோசின் என்ற தன் புரதத்தால் பிடித்து நிறுத்திவிடுகிறது. இன்னும் சில பொருட்களால் வெள்ளை அணுக்களின் வேகத்தையும் தணிக்கிறது. ஏற்கெனவே தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருப்பதும் அதற்குச் சாதகம்.

இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களை வைத்து டிக்சன், லிப்ஸ்கோம் என்ற இருவர் 450 நோயாளிகளின் வரலாற்றை 1961-இல் வெளியிட்டார்கள். தொற்று பட்டதாகக் கருதிய காலத்துக்கும் முதல் வலிப்புக்கும் நடுவே சராசரியாக ஐந்து வருஷம் போல இடைவெளி. சிலருக்கு அதைவிட மிக நீண்ட காலம். அதனால் "போன வாரம் கல்யாணத்தில் சாப்பிட்டதால் வந்துவிட்டது" என்று யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை.

புழு கிழடாகித் தளரும்போது, அல்லது மருந்து பட்டுச் சாகும்போது, இந்த அடக்குமுறை தளர்கிறது. உள்ளிருந்த புரதங்கள் வெளியே கசிகின்றன. இத்தனை நாள் பேசாமல் இருந்த மூளையின் காவல் செல்கள் விழித்துக்கொண்டு சைகை கொடுக்கின்றன. எம்.எம்.பி. என்று சுருக்கமாகச் சொல்லும் நொதிகள் குழாய்ச் சுவரின் பிடிப்பைக் கரைக்கின்றன. தடுப்பு திறக்கிறது, வெள்ளை அணுக்கள் இறங்குகின்றன, கூடவே நீரும் புரதமும் கசிகின்றன. மண்டையோடு விரிந்து கொடுக்காது. வீங்குகிற திசு பக்கத்து நரம்புச் செல்களைத்தான் நெருக்கும், தூண்டும். வலிப்பும் தலைவலியும் வருவது பெரும்பாலும் அப்போதுதான்.

ஆகவே ஃபிட்ஸ் வந்தது என்றால் பல பேருக்கு, புழு ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வீட்டார் நினைப்பது போல் அது வளர்ந்து மூளையைத் தின்றுகொண்டிருக்கவில்லை. இது புரிந்தால் பாதி பயம் போகும், மருந்துக் கடைக்கு ஓடுகிற அவசரமும் போகும்.

எதற்குப் பிறகு எது

முதல் மருந்து வலிப்பு மாத்திரை. லெவெடிராசிடாம், குளோபசாம், கார்பமாசிபின், ஃபெனிடாயின் என்று எதுவாக இருந்தாலும், அதை வேளை தவறாமல் கொடுப்பதுதான் வீட்டாரின் முதல் கடமை. வார்டில் திரும்பத் திரும்ப வந்து சேர்ந்தவர்களில் அநேகம் பேர் மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் விட்டவர்கள்தான். பத்து நாளைக்கு உரியது கையில் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள். ஃபெனிடாயினும் கார்பமாசிபினும் பூச்சி மருந்தின் அளவை ரத்தத்தில் குறைக்கக்கூடியவை. வேறு மருத்துவமனைக்கு மாறினால் பழைய சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள். கல்யாணமான, அல்லது கல்யாணம் ஆகப்போகிற பெண்ணாக இருந்தால் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரையை எழுதியிருக்கிறார்களா என்று பார்த்து, கர்ப்பம் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

இரண்டாவது, பூச்சி மருந்து வேண்டுமா என்ற முடிவு. எல்லோருக்கும் வேண்டியதில்லை. எல்லாக் கட்டியும் சுண்ணாம்பாகிவிட்டிருந்தால் கொல்வதற்கு உள்ளே எதுவும் இல்லை. வலிப்பு மாத்திரை மட்டும் போதும். மூளை முழுதும் நூற்றுக்கணக்கில் கட்டிகள் இருந்து மொத்தமும் வீங்கியிருந்தால் பூச்சி மருந்து கொடுக்கவே கூடாது. இந்த வகை குழந்தைகளிடமும் இளம்பெண்களிடமும் அதிகம் வரும். அங்கே வீக்கத்தை அடக்குவதுதான் உயிர் காக்கும். நீரறை அடைபட்டுத் தலைக்குள் நீர் ஏறியிருந்தால் முதலில் அதற்கு அறுவைச் சிகிச்சை. "டாக்டர் பூச்சி மருந்தே எழுதல" என்று சண்டைக்குப் போகிறவர்களிடம் நான் சொல்வது: ஏன் எழுதவில்லை என்று கேளுங்கள், காரணம் இருக்கும்.

மூன்றாவது, கண் பரிசோதனை. பூச்சி மருந்து தொடங்குமுன் கண் டாக்டர், கண்மணியை விரிய வைக்கும் சொட்டு விட்டு உள்ளே பார்த்தாக வேண்டும். கண்ணுக்குள் கட்டி இருந்து, மருந்து பட்டு அது செத்தால், அங்கே எழும் அழற்சி பார்வையையே கெடுத்துவிடும். அரை நாள் அலைச்சல் என்று இதைத் தவிர்க்காதீர்கள். எழுதித் தராவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

நான்காவது ஸ்டீராய்டு. பிரெட்னிசோலோன் அல்லது டெக்ஸாமெத்தசோன். இது பூச்சி மருந்துக்கு முன்னால் தொடங்க வேண்டும். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்: மருந்து பட்டுப் புழு சாகும்போது தடுப்பு திறக்கும், வீக்கம் வரும். ஸ்டீராய்டு அந்த அழற்சியைத் தணித்து, குழாய்ச் சுவரை இறுக்கி, கசிவைக் குறைக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சர்க்கரை ஏறும், அதை அளந்துகொண்டே இருக்க வேண்டும். காசநோய் இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயிறு எரியும், சாப்பிட்ட பிறகு கொடுங்கள். முக்கியமாக, நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. எழுதியபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் எல்லா அம்மாக்களும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "எதிர்ப்பு சக்தி கூட என்ன குடுக்கலாம் சிஸ்டர்?" பிள்ளை இளைத்துப் போயிருக்கும், மனசு கேட்காது, புரிகிறது. ஆனால் இந்த வாரங்களில் நாம் வேண்டுமென்றே எதிர்ப்பு சக்தியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறோம். மூளைக்குள் அது ஆவேசமாக வேலை செய்வதுதான் வலிப்பைக் கொண்டுவருகிறது. வழக்கமான சாப்பாடு கொடுங்கள்: சோறு, பருப்பு, கீரை, முட்டை, பால். "இம்யூனிட்டி பவுடர்", லேகியம், கஷாயம் எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

ஐந்தாவதாகத்தான் பூச்சி மருந்து. ஆல்பெண்டசோல் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் கணக்கில், இரண்டு வேளையாகப் பிரித்து, 10 முதல் 14 நாள். 50 கிலோ எடையுள்ளவருக்குக் காலை 400, இரவு 400 என்று வரும். கட்டிகள் இரண்டுக்கு மேல் இருந்தால் பிராசிகுவாண்டெல் என்ற மருந்தையும் சேர்ப்பதுண்டு. பள்ளிக்கூடத்தில் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாளில் கொடுக்கிற ஒற்றை 400 மில்லிகிராம் மாத்திரை இதற்குச் சிகிச்சை ஆகாது.

ஆல்பெண்டசோலை வெறும் வயிற்றில் கொடுத்தால் பெரும்பகுதி ரத்தத்தில் ஏறாமலே போய்விடும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால் பல மடங்கு ஏறும். நெய் விட்ட பருப்புச் சாதம், நல்லெண்ணெய் ஊற்றிப் பொடி குழைத்த இட்லி, முட்டை தோசை, எது பிள்ளைக்குப் பிடிக்குமோ அதோடு. ரத்தத்தில் ஏறினால்தான் மூளைக்கும் போகும். அது அந்தத் தடுப்பைக் கடக்கக்கூடிய மருந்து என்பதால்தான் இதற்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கர்ப்பிணியாக இருந்தால் பொதுவாகப் பிரசவம் வரை தள்ளிப்போடுவார்கள். சிகிச்சை இரண்டு வாரத்தைத் தாண்டினால் கல்லீரல் பரிசோதனையும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் பார்க்க வேண்டும்.

முதல் வாரம்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய வாரம். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை தலைவலி கூடலாம், ஒன்றிரண்டு ஃபிட்ஸ் வரலாம். அந்த நாட்களில் பிள்ளையைத் தனியாகக் குளியலறையில் தாழ்ப்பாள் போட விடாதீர்கள். கிணறு, ஏரி, அடுப்பு, மொட்டைமாடி, பைக் எதுவும் வேண்டாம். நிற்காத வாந்தி, தூங்கி வழிதல், நடை தடுமாற்றம், பார்வை மங்கல், ஒரு கையில் பலம் குறைதல் என்று எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள். தலையை அசைத்ததும் திடீரென்று மயங்கி விழுந்தால் அது நீரறையில் உள்ள கட்டியின் அடையாளமாக இருக்கலாம், அதையும் சொல்லுங்கள்.

காசநோய்க் கட்டியா, புழுக்கட்டியா

ஒரே ஒரு சின்ன வளையம் தெரிகிற ஸ்கேனைப் பார்த்து இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வதுண்டு. அதற்கு வரலாறே இருக்கிறது. 1980-களில் இந்தியாவில் இப்படிப்பட்ட சின்னக் கட்டிகளைப் பெரும்பாலும் காசநோய்க் கட்டி என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலிய மருத்துவர்கள் அவற்றை எடுத்துச் சோதித்து, அநேகமாக எல்லாம் செத்துக்கொண்டிருக்கும் நாடாப்புழுக் குஞ்சுகள் என்று காட்டினார்கள். 1989-இலும் 1991-இலும் அவை வெளிவந்தன. அவர்கள் சொன்ன அடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன: கட்டி 20 மில்லிமீட்டருக்குள் இருப்பது, மூளையின் நடுக்கோடு நகராமல் இருப்பது, தலைக்குள் அழுத்தம் தொடர்ந்து ஏறாமல் இருப்பது, கை கால் பலம் நாளுக்கு நாள் குறையாமல் இருப்பது. நம் ஊரில் நடந்த வேலை உலகத்துக்கே பாடமானது என்பதில் எனக்குப் பெரிய பெருமை.

ஒரே கட்டி உள்ளவருக்கு ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமாகாது. ஒற்றைக் கட்டியில் அந்தச் சோதனை அடிக்கடி தவறவிடும். எந்த முடிவானாலும் சில வாரம் கழித்து எடுக்கும் அடுத்த ஸ்கேன் முக்கியம்: கட்டி சுருங்குகிறதா, வளர்கிறதா?

வீட்டில் தேட வேண்டியது

நோயாளிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு மறந்துவிடுகிற பகுதி இதுதான். எனக்கு அதில் வருத்தம் உண்டு. முட்டை எங்கிருந்தோ வந்திருக்கிறது. வீட்டில், சமையலில், பிள்ளை தினமும் சாப்பிடும் இடத்தில் யாருக்காவது குடலில் நாடாப்புழு இருக்கலாம். நோயாளிக்கே இருக்கலாம். அவருக்குத் தொந்தரவே தெரியாது. சில சமயம் மலத்தில் வெள்ளைப் பட்டையாகத் துண்டுகள் வரும், வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார்கள். வீட்டில் எல்லோரையும் மலப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஒரு முறை இல்லை என்றால் வேறு வேறு நாளில் இரண்டு மூன்று முறை கொடுங்கள். இருந்தால் நிக்லோசமைடு ஒரே வேளை போதும். அதையும் டாக்டர் எழுதித்தான். பிராசிகுவாண்டெல் கொடுப்பதாக இருந்தால், அவருக்கு முன்பு எப்போதாவது ஃபிட்ஸ் வந்திருக்கிறதா என்பதைச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் மூளையில் பேசாமல் கிடக்கும் கட்டியை அது கிளப்பிவிடலாம்.

முட்டைக்கோஸைப் பற்றி வாட்ஸ்ஆப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். கோஸுக்குள் இருக்கும் பச்சைப்புழு மூளைக்குப் போவதில்லை. எந்தக் காயானாலும் மனித மலம் கலந்த மண்ணோ தண்ணீரோ பட்டிருந்தால் அதில் முட்டை ஒட்டியிருக்கலாம், அது கண்ணுக்குத் தெரியாது. சமைத்தால் செத்துப்போகும். பச்சையாகச் சாப்பிடுகிற கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி, கேரட், வெள்ளரி ஆகியவற்றை ஓடும் தண்ணீரில் இலை இலையாகத் தேய்த்துக் கழுவுங்கள். தோல் சீவக்கூடியதைச் சீவுங்கள். உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீர் முட்டையைக் கொல்லும் என்று இருந்துவிட வேண்டாம். தேய்த்துக் கழுவுவதால்தான் அது போகும். மலம் கழித்தபின்னும் சமைக்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கைகழுவல், நகம் வெட்டல். குழந்தையின் மலத்தையும் கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும். பன்றி வளர்ப்பவர்கள் அதை அவிழ்த்து விடாமல் பட்டியில் வைத்தால் சுழற்சியே அறுந்துவிடும். பன்றிக்குத் தடுப்பூசியும் இருக்கிறது, ஹைதராபாத்தில் தயாராகிறது. பெருவின் வடக்கே தும்பெஸ் பகுதியில் மனிதருக்கும் பன்றிக்கும் சேர்த்து மருந்தும், பன்றிக்குத் தடுப்பூசியும் கொடுத்து, பரவலையே நிறுத்திக் காட்டி 2016-இல் வெளியிட்டார்கள்.

பிறகு

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன், கட்டி மறையும் வரை. ஒற்றைக் கட்டி முழுவதும் மறைந்து, நடுவில் ஃபிட்ஸும் வராமல் இருந்தால் ஆறு மாதம் போல் கழித்து வலிப்பு மாத்திரையைக் குறைப்பது பற்றி மருத்துவர் யோசிப்பார். சுண்ணாம்புப் புள்ளியாக நின்றுவிட்டால் அல்லது பல கட்டிகள் இருந்தால் அதிக காலம் தொடர வேண்டியிருக்கும். சுண்ணாம்பாகிவிட்ட புள்ளியைச் சுற்றியும் சில சமயம் தடுப்பு மறுபடி கசிந்து வீங்கி, பல வருஷம் கழித்து ஃபிட்ஸ் வரும். அப்போது புதிதாகப் புழு வந்துவிட்டது என்று பயந்து பூச்சி மாத்திரை போடாதீர்கள்.

இதற்காகவே பழைய ஸ்கேன் பிலிமையும், ஸ்கேன் படம் பதிந்து தரும் சி.டி. தட்டையும் பத்திரப்படுத்துங்கள். மாத்திரைச் சீட்டு, ஃபிட்ஸ் வந்த தேதி, எவ்வளவு நேரம், அன்று மாத்திரை தவறியதா என்று ஒரு நோட்டில் எழுதி, அதே பையில் வையுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அந்தப் பை கூடவே வரட்டும். பழைய படமும் புதுப் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் எந்தப் புள்ளி புதிது, எது பழையது என்று டாக்டரால் சொல்ல முடியும்.